வாட்குமிழ் உரைக்கும் வரலாறு

வேந்தர்களின் வரலாறு கல்லிலும் ஏட்டிலும் எழுதப்பட்டிருக்கிறது. அவ்வேந்தர்களுக்காகப் போரிட்டு மடிந்த வீரர்களின் வரலாறோ பெரும்பாலும் எழுதப்படுவதில்லை. அவர்கள் ஏந்திய கருவிகளே அவர்களைப் பற்றிய சான்றுகளாக எஞ்சுகின்றன. அக்கருவிகளும் முழுமையாக எஞ்சுவதில்லை. இரும்பு துருவேறி மண்ணாகிவிடும். மரமும் தோலும் மக்கிப்போகும். பொன் மட்டும் தன் நிறம் மாறாது கிடக்கும். வாள் அழிந்தொழிந்த பின்னும் அதன் பிடியின் உச்சியில் பொருத்தப்பட்டிருந்த சிறு பொற்குமிழ், ஆயிரத்து முந்நூறு ஆண்டுகள் கழித்து மண்ணிலிருந்து வெளிப்பட்டு, எழுதப்படாத வரலாற்றின் ஒரு பகுதியை எடுத்துரைக்கக்கூடும். இங்கிலாந்து நாட்டின் நடுப்பகுதியில் 2009ஆம் ஆண்டு வெளிப்பட்ட ஸ்டாஃபர்ட்ஷயர் புதையல் இதற்குச் சிறந்த சான்றாகும்.

எனினும் பொன் தானாகப் பேசுவதில்லை. அது கிடந்த இடம், கிடந்த நிலை, அதனோடு கிடந்த பிற பொருள்கள் ஆகியவை அறியப்பட்டால்தான் அது வரலாற்றுச் சான்றாகிறது. இல்லையேல் வெறும் விலைப்பொருளாகவே நின்றுவிடுகிறது. ஒரு வாட்குமிழ் வரலாறாவதும் வணிகப் பொருளாவதும் கண்டெடுப்பவரின் கையில்தான் உள்ளது என்னும் உண்மையை இப்புதையல் விளங்கச் செய்கிறது.

வயலில் வெளிப்பட்ட பொன்

ஸ்டாஃபர்ட்ஷயர் மாவட்டத்தில் லிச்ஃபீல்டு நகருக்கு அருகில் ஹாமர்விச் என்றோர் ஊர் உண்டு. அதன் அருகே, வாட்லிங் ஸ்ட்ரீட் என்னும் பழைய உரோமானியப் பெருவழியை ஒட்டி ஒரு வயல் இருக்கிறது. 2009 ஜூலை 5ஆம் நாள், நில உரிமையாளரின் இசைவு பெற்று, உலோகங்காட்டும் கருவியுடன் ஒருவர் அவ்வயலில் நடந்து சென்றார். அவர் தொல்லியல் அறிஞர் அல்லர். ஓய்வு நேரப் பொழுதுபோக்காக இப்பணியில் ஈடுபட்டவர். அன்று கருவி ஒலித்த இடத்தில் தோண்டியபோது பொன் கிடைத்தது. தொடர்ந்து ஐந்து நாள்கள் அவர் பொருள்களைச் சேகரித்தார். பின்னர், இத்தகைய பொருள்களைப் பதிவு செய்வதற்கென அமர்த்தப்பட்டுள்ள தொல்பொருள் தொடர்பு அலுவலருக்குச் செய்தி தெரிவித்தார்.

அதன்பின் தொல்லியலாளர்கள் அவ்வயலை முறைப்படி அகழ்ந்தனர். புதையல் வேட்டையாளர் நுழைந்துவிடாதபடி அகழ்வு நடந்த இடம் மறைவாகக் காக்கப்பட்டது. அங்குக் கல்லறை இல்லை. வீடோ கோட்டையோ இருந்ததற்கான அடையாளமும் புதையலோடு தொடர்புபடும்படி அகப்படவில்லை. ஏரோட்டத்தால் கலைந்த மேல்மண்ணிலேயே பொருள்கள் சிதறிக் கிடந்தன. 2009 செப்டம்பர் 24ஆம் நாள், கொரோனர் எனப்படும் விசாரணை அலுவலர் இதனைச் சட்டப்படியான புதையல் என்று தீர்ப்பளித்தார். 2012ஆம் ஆண்டு இறுதியில் வயல் மீண்டும் உழப்பட்டபோது மேலும் 81 துண்டுகள் இத்தொகுதியோடு சேர்ந்தன.

மொத்தம் கிடைத்தவை ஏறத்தாழ 4,600 துண்டுகள். அவை சுமார் 700 பொருள்களின் உறுப்புகள் என்று பின்னர் நடந்த ஆய்வு காட்டியது. பொன்னின் எடை ஏறத்தாழ 4 கிலோ, வெள்ளி 1.7 கிலோ. ஆங்கிலோ சாக்சன் காலப் பொற்புதையல்களுள் இதுவரை அறியப்பட்டவற்றில் இதுவே மிகப் பெரியது. இதன் மதிப்பு 32 இலட்சத்து 85 ஆயிரம் பவுன் என்று அரசின் மதிப்பீட்டுக் குழு முடிவு செய்தது. பர்மிங்காம், ஸ்டோக்-ஆன்-டிரென்ட் ஆகிய இரு நகரங்களின் அருங்காட்சியகங்கள் பொதுமக்களிடமும் அறநிறுவனங்களிடமும் நிதி திரட்டி, 2010ஆம் ஆண்டில் இதனை நாட்டுக்கு உரிமையாக்கின. அத்தொகை கண்டெடுத்தவருக்கும் நில உரிமையாளருக்கும் சரிபாதியாகப் பகிர்ந்தளிக்கப்பட்டது.

வாளின் உறுப்புகள்

இப்புதையலின் பெருஞ்சிறப்பு அதன் எடையில் இல்லை. அதில் இருப்பவற்றிலும் இல்லாதவற்றிலும் உள்ளது. அதனை உணர்வதற்கு அக்கால வாளின் அமைப்பை அறிதல் வேண்டும்.

ஆறாம், ஏழாம் நூற்றாண்டுகளில் ஆங்கிலோ சாக்சன் வீரர் ஏந்திய வாள் இருபுறமும் கூரிய நீண்ட இரும்பு அலகை உடையது. உயர்ந்த வாள்களில் பல இரும்புக் கம்பிகளை முறுக்கி ஒன்றாக அடித்துப் பற்றவைத்து அலகின் நடுப்பகுதியை ஆக்கினர். அதனால் அலகின்மேல் நீரலை போன்ற வரிகள் தோன்றின. அலகின் அடியிலிருந்து நீண்ட ஒடுங்கிய தண்டின்மேல் மரத்தாலோ கொம்பாலோ ஆன பிடி கோக்கப்பட்டது. பிடியின் மேலும் கீழும் கையைக் காக்கும் தகடுகளும், பிடியைச் சுற்றிய வளையங்களும் அமைந்தன. எல்லாவற்றுக்கும் மேலாக, பிடி கழன்றுவிடாதபடி உச்சியில் பொருத்தப்பட்டதே குமிழ். பக்கவாட்டில் நோக்கினால் சிறு முக்கோணம் போலவோ கவிழ்த்த தோணி போலவோ அது தோன்றும். வாள் உறையிலிருக்கும்போது அலகு மறைந்திருக்கும். குமிழும் பிடியுமே பிறர் கண்ணுக்குப் புலப்படும். ஆதலின் உடையவனின் தகுதியைக் காட்டும் அணிகளெல்லாம் அங்கேயே செறிந்தன.

ஸ்டாஃபர்ட்ஷயர் புதையலில் இத்தகைய குமிழ்கள் மட்டும் எழுபதுக்கும் மேற்பட்டவை உள்ளன. அவற்றோடு பிடி வளையங்களும் தகடுகளும் நூற்றுக்கணக்கில் கிடைத்தன. ஆனால் ஒரு வாள் அலகேனும் அங்கு இல்லை. காசு இல்லை. மகளிர் அணியும் ஊசிகளோ பதக்கங்களோ இல்லை. வாட்பிடி அணிகளும், ஒரு தலைக்கவசத்தின் சிதைவுகளும், சில சமயச் சின்னங்களுமே இருந்தன. அன்றாட வாழ்வைச் சார்ந்த எதுவும் இன்றி, போரையும் வழிபாட்டையும் சார்ந்தவை மட்டுமே திரட்டிப் புதைக்கப்பட்ட இத்தொகுதிக்கு ஒப்பானது அந்நாட்டில் வேறில்லை.

பொற்கொல்லரின் திறம்

குமிழ்களின் வேலைப்பாடு காண்போரை வியக்கச் செய்வது. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த கனமுள்ள பொற்கம்பிகளை முறுக்கி, ஒன்றையொன்று கவ்வி நெளியும் விலங்குருவங்களாக அமைத்து, தகட்டின்மேல் பற்றவைத்திருக்கின்றனர். வேறு சில குமிழ்களில் பொற்றகட்டால் சிறுசிறு அறைகள் கட்டி, ஒவ்வோர் அறையிலும் அதன் வடிவுக்கேற்ப வெட்டிய செந்நிறக் கல்லைப் பதித்துள்ளனர். கல்லின் அடியில் நுண்ணிய கட்டங்கள் அச்சிட்ட மெல்லிய பொற்றாள் வைக்கப்பட்டுள்ளது. கல்லினூடே செல்லும் ஒளி அத்தாளில் பட்டுத் திரும்பும். அதனால் கல் தீக்கனல் போல ஒளிவிடும். உருப்பெருக்கும் ஆடியோ மின்விளக்கோ இல்லாத காலத்தில் இத்தொழில் நிகழ்ந்தது என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

பொன்னின் மேற்பரப்பை ஆராய்ந்தபோது மற்றோர் உண்மை வெளிப்பட்டது. பொன்னோடு கலந்திருந்த வெள்ளியை மேற்பரப்பிலிருந்து மட்டும் நீக்கி, உள்ளிருப்பதைவிட உயர்ந்த மாற்றுடையது போலத் தோன்றும்படி அக்காலக் கொல்லர்கள் செய்திருந்தனர். ஒரே பொருளில் ஒரு பகுதியை இவ்வாறு பதப்படுத்தி, அடுத்த பகுதியை விடுத்து, இருவேறு பொன்னிறங்களை எதிரெதிர் நிறுத்தி அழகு கூட்டியதும் உண்டு. ‘இருண்ட காலம்’ என்று ஒரு காலத்தில் இகழப்பட்ட நூற்றாண்டுகளின் தொழில்நுட்பம் இது.

இப்பொருள்களின்மேல் படிந்திருந்த மண்ணை அகற்றிய முறையும் குறிப்பிடத்தக்கது. இரும்பு ஊசி பொன்னைக் கீறிவிடும் என்பதால் பாதுகாப்பு வல்லுநர்கள் செடிகளின் முட்களைக் கொண்டே கம்பிகளுக்கிடையே இருந்த மண்ணை நீக்கினர். பொறுமையே முதற்கருவியாக அமைந்த பணி அது.

செம்மணிகள் வந்த வழி

குமிழ்களில் பதிக்கப்பட்ட செந்நிறக் கற்கள் கார்னெட் இனத்தைச் சேர்ந்தவை. இவற்றை மாணிக்கம் எனக் கருதிவிடுதல் கூடாது. நவமணிகளுள் ஒன்றாகிய கோமேதகமே கார்னெட் இனத்தின் ஒரு வகையாகும். இப்புதையலில் மட்டும் இத்தகைய செம்மணிகள் ஆயிரக்கணக்கில் உள்ளன. ஆனால் அத்துணைக் கற்களும் பிரிட்டன் மண்ணில் கிடைத்தவை அல்ல.

கற்களில் கலந்துள்ள வேதிப்பொருள்களின் அளவைக் கொண்டு அவை எந்நாட்டு மலைகளில் தோன்றியவை என்பதை இன்று அறிய இயலும். ஐரோப்பாவின் தொடக்க இடைக்கால அணிகலன்களை இம்முறையில் ஆராய்ந்தவர்கள், அவற்றிலுள்ள செம்மணிகளுள் பல இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் சென்றவை எனக் கண்டனர். ஏழாம் நூற்றாண்டளவில் கீழ்த்திசை வரவு குன்றியபோது, நடு ஐரோப்பாவின் பொகீமியப் பகுதியில் கிடைக்கும் சிறிய கற்கள் அவ்விடத்தை நிரப்பின. ஸ்டாஃபர்ட்ஷயர் புதையலிலும் இந்தியத் துணைக்கண்டத்துக் கற்களும் பொகீமியக் கற்களும் அருகருகே காணப்படுகின்றன. பழைய அணிகளிலிருந்து பெயர்த்த கற்களை மீண்டும் பயன்படுத்தியதும் உண்டு.

செம்மணிகளைப் பட்டைதீட்டி மணிகளாக்கும் தொழில் கிறித்துவ ஊழியின் தொடக்க நூற்றாண்டுகளில் அரிக்கமேட்டில் நிகழ்ந்தமையை அங்குக் கிடைத்த மணிகள் காட்டுகின்றன. அத்தொழிலின் நீண்ட மரபு இந்நிலப்பகுதிக்கு உரியது. இந்துமாக் கடலைக் கடந்து, பல வணிகர் கைமாறி, வடகடல் தீவொன்றின் போர்வீரன் இடையில் ஒளிர்ந்த கல், தான் பிறந்த மலையை அறியாது. அதை அணிந்தவனும் அறிந்திருக்க வழியில்லை. இன்றைய ஆய்வே அவ்வழியைத் தொடர்ந்து சென்று காட்டியிருக்கிறது.

அலகற்ற பிடிகள்

குமிழ்களை உற்றுநோக்கினால் அவற்றின் ஓரங்கள் வளைந்தும் கிழிந்தும் இருப்பது புலனாகும். நெம்பியதன் தழும்புகளும் வெட்டியதன் கீறல்களும் தெளிவாகத் தெரிகின்றன. இவை இயல்பாகக் கழன்று வீழ்ந்தவை அல்ல, வலிந்து பெயர்க்கப்பட்டவை. நூறு வாள்களுக்குக் குறையாதவை இவ்வாறு அணி பறிக்கப்பட்டிருக்க வேண்டும் என்பர் ஆய்வாளர்.

இவ்வாறு பெயர்த்தது ஏன்? பொன்னுக்காக என்பது எளிய விடை. ஆனால் அது முழு விடை ஆகாது. அக்கால வாளுக்குப் பெயர் உண்டு, மரபு உண்டு. தந்தை ஏந்தியதை மகன் ஏந்துவான். தலைவன் தன் வீரனுக்குப் பரிசாக அளிப்பான். பல குமிழ்களில் நெடுங்காலம் கைபட்டுத் தேய்ந்த தடம் காணப்படுகிறது. 26 துண்டுகளை இணைத்து மீட்டெடுத்த ஒரு வெள்ளிக் குமிழில் வாள் வளையம் பொருத்திய அமைப்பு உள்ளது. இவ்வளையம் தலைவனுக்கும் வீரனுக்கும் இடையிலான உறுதிமொழியின் அடையாளம் எனக் கருதப்படுகிறது. ஆகவே பிடியின் அணிகளைப் பெயர்ப்பது வாளின் பெயரையே பறிப்பதற்கு ஒப்பாகும். அடையாளம் நீங்கிய அலகுக்குப் புதுப்பிடி பூட்டி வென்றவனின் வீரன் ஏந்தியிருக்கலாம். தோற்றவனின் பெருமையோ வளைந்த பொற்றகடுகளாக மண்ணுக்குள் சென்றது.

பழைய ஆங்கிலக் காவியமான பியோவுல்ஃப் இக்கருத்துக்குத் துணை நிற்கிறது. அதன் ஏட்டுப்படி ஏறத்தாழ கி.பி. 1000ஐ ஒட்டி எழுதப்பட்டது. இன்று பிரித்தானிய நூலகத்தில் உள்ளது. காவியத் தலைவன் நீருக்கடியில் கண்டெடுத்த பழம்பெரும் வாளால் பகையை வெல்கிறான். அப்பகையின் குருதி பட்டு அலகு உருகிப் போகிறது. பிடி மட்டும் எஞ்சுகிறது. அப்பிடியை அவன் முதிய வேந்தனிடம் அளிக்க, வேந்தன் அதில் பொறிக்கப்பட்டிருப்பதை நோக்கிச் செருக்கின் கேடு பற்றி அறிவுரை பகர்கிறான். அதே காவியத்தில் மற்றோர் இடத்தில், மண விருந்தொன்றில் எதிரிகுலத்து இளைஞனின் இடையில் தொங்கும் வாளைச் சுட்டி, அது உன் தந்தையுடையது என்று முதுவீரன் ஒருவன் இளைஞனொருவனின் சினத்தைத் தூண்டுவதும் அதனால் பகை மூள்வதும் கூறப்படுகின்றன. வாளை அடையாளம் காட்டுவது அதன் தோற்றமே. அடையாளத்தை அழித்தால் பகையின் நினைவையும் அழிக்கலாம் என்று வென்றோர் எண்ணியிருத்தல் கூடும்.

புதைத்தவர் யார்?

புதையல் கிடைத்த நிலம் பழைய மெர்சியா அரசின் நடுப்பகுதி. பொருள்களின் பாணியை நோக்க, பெரும்பாலானவை ஆறாம் நூற்றாண்டின் பிற்பகுதிக்கும் ஏழாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கும் இடையில் செய்யப்பட்டவை, கி.பி. 650க்கும் 675க்கும் இடையில் புதைக்கப்பட்டவை. கிழக்கு ஆங்கிலியா, நார்தம்பிரியா போன்ற பிற நாடுகளின் கலைப்பாணியும் இவற்றில் காணப்படுவதால், பல போர்களில் வென்ற பொருள்கள் என்னும் கருத்து வலுப்பெறுகிறது.

அக்காலத்தில் மெர்சியாவை ஆண்டவன் பெண்டா. இவன் கிறித்துவத்தைத் தழுவாதவன். நார்தம்பிரிய வேந்தன் எட்வின் 633ஆம் ஆண்டுப் போரில் வீழ்ந்தபோது பெண்டா எதிரணியில் நின்றான். 642இல் ஆஸ்வால்டு வேந்தனை வீழ்த்தினான். கிழக்கு ஆங்கிலிய அரசர் மூவர் இவனுடைய போர்களில் மடிந்தனர். 655இல் பெண்டாவும் போர்க்களத்தில் மாண்டான். இச்செய்திகளை 731ஆம் ஆண்டு தம் திருச்சபை வரலாற்றை எழுதி முடித்த பீட் என்னும் துறவி தருகிறார். புதையலில் மடிக்கப்பட்ட பொற்சிலுவை ஒன்றும், இறைவன் எழுந்து பகைவரைச் சிதறடிக்குமாறு வேண்டும் விவிலியத்தின் எண்ணாகமத் தொடர் இலத்தீனில் பொறித்த பொற்பட்டை ஒன்றும் உள்ளன. புதிய சமயமும் பழைய போர்நெறியும் ஒன்றோடொன்று மோதியும் கலந்தும் நின்ற காலத்தை இவை காட்டுகின்றன. இப்பொருள்களை இன்னார்தாம் புதைத்தார் என்று பெயர் சுட்டும் சான்று எதுவும் புதையலில் இல்லை. ஆயின் பீட் எழுதிய போர்களில் வீழ்ந்த பெயரறியாத வீரர்களின் உடைமைகள் எத்தகையன என்பதற்கு இப்புதையலே நேர்ச்சான்று.

கருவியும் சட்டமும்

உலோகங்காட்டும் கருவியின் தத்துவம் எளியது. கருவியின் சுருளில் ஓடும் மாறுமின்னோட்டம் காந்தப்புலத்தை உண்டாக்கும். மண்ணிலுள்ள உலோகத்தில் அப்புலம் பட்டதும் சிறு மின்சுழல்கள் எழும். அவற்றின் எதிர்ப்புலத்தைக் கருவி உணர்ந்து ஒலி எழுப்பும். 1881இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கார்ஃபீல்டின் உடலில் பாய்ந்த குண்டைக் காண அலெக்சாண்டர் கிரகாம் பெல் இத்தகைய கருவியை முயன்று பார்த்தார். இரண்டாம் உலகப் போரில் கண்ணிவெடிகளைக் காண இது பயன்பட்டது. 1970களில் பிரிட்டனில் பொழுதுபோக்குக் கருவியாகப் பரவியது.

தொல்லியலாளர்கள் இதனை முதலில் பகையாகவே கருதினர். மண்ணடுக்குகளைக் கலைத்துப் பொருளை மட்டும் பறித்துச் செல்வதால் வரலாறு அழிகிறது என்பது அவர்களின் குறை. அது நேரிய குறையே. பழைய சட்டமும் போதியதாக இல்லை. மீட்டெடுக்கும் எண்ணத்துடன் புதைத்த பொன்னும் வெள்ளியும் மட்டுமே அரசுக்கு உரியனவாயின. 1939இல் சட்டன் ஹூவில் அகழ்ந்தெடுத்த அரச கப்பல் கல்லறையில் பொன்னும் செம்மணியும் இழைத்த குமிழுடன் கூடிய வாள் அது வைக்கப்பட்ட இடத்திலேயே கிடைத்தது. இறந்தவருடன் வைத்தவை மீட்பதற்காகப் புதைத்தவை ஆகா என்பதால் அவை நிலவுரிமையாளரான அம்மையாருக்கே உரியன என்று தீர்ப்பாயிற்று. அவர் அனைத்தையும் பிரித்தானிய அருங்காட்சியகத்துக்குக் கொடையாக அளித்தார். ஒரு தனிமனிதரின் பெருந்தன்மையால் நாட்டுச் செல்வம் காக்கப்பட்டது.

பெருந்தன்மையை மட்டும் நம்பியிராமல் 1996ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் இயற்றப்பட்டது; 1997இல் நடைமுறைக்கு வந்தது. புதையல் எனக் கருதத்தக்கதைக் கண்டவர் 14 நாள்களுக்குள் தெரிவித்தல் வேண்டும். அருங்காட்சியகம் அதைப் பெற விரும்பினால் உரிய விலை வெகுமதியாக வழங்கப்படும். அவ்வாண்டே, சட்டத்துக்கு உட்படாத சிறு பொருள்களையும் விருப்பத்தின்பேரில் பதிவு செய்யும் திட்டமும் தொடங்கியது. அதன் பதிவேட்டில் இன்று 15 இலட்சத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் உள்ளன. சட்டத்தில் இடைவெளியும் இருந்தது. 2010இல் கம்பிரியா மாவட்டத்தில் கிடைத்த உரோமானியக் குதிரை வீரனின் தலைக்கவசம் பொன்னோ வெள்ளியோ அன்று என்பதால் புதையல் ஆகாது போயிற்று; ஏலத்தில் தனியார் கைக்குச் சென்றது. 2023இல் சட்டம் விரிவாக்கப்பட்டு, வரலாற்றுச் சிறப்புமிக்க 200 ஆண்டுப் பழம்பொருள்கள் எவ்வுலோகத்தினவாயினும் உள்ளடக்கப்பட்டன.

மறைக்கப்பட்ட புதையல்

இதற்கு மாறான நிகழ்ச்சி 2015ஆம் ஆண்டு ஹெரஃபர்டுஷயரில் நேர்ந்தது. கருவி கொண்டு தேடிய இருவர் ஒன்பதாம் நூற்றாண்டுப் பொன்னணிகளையும் ஏறத்தாழ 300 வெள்ளிக் காசுகளையும் கண்டெடுத்தனர். எவருக்கும் தெரிவிக்காமல் விற்க முற்பட்டனர். 2019இல் அவர்கள் சிறைத்தண்டனை பெற்றனர். ஆயினும் காசுகளுள் மீண்டவை முப்பதை ஒட்டியவையே. வெசெக்ஸ் வேந்தன் ஆல்ஃபிரடும் மெர்சிய வேந்தன் கியோல்வுல்ஃபும் கூட்டணி கொண்டிருந்ததைக் காட்டும் அரிய காசுகள் அவற்றுள் இருந்தன. தண்டனை குற்றத்துக்கு ஈடாகலாம். சிதறிப்போன சான்றுக்கு ஈடாகாது.

இரு நிகழ்ச்சிகளிலும் கருவி ஒன்றே, பொன்னும் ஒன்றே. ஒன்றில் சான்று சிதறியது. மற்றொன்றில் பத்தாண்டு ஆய்வின் பயனாக 2019இல் முழுமையான ஆய்வு நூல் வெளிவந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட துணுக்குகளைக் கொண்டு ஒரு தலைக்கவசத்தின் தோற்றம் மீட்டமைக்கப்பட்டது. 2009இல் கிடைத்த துண்டுக்கு 2012இல் கிடைத்த துண்டு இணையாயிற்று. எல்லாத் துண்டுகளும் ஒரே இடத்தில் காக்கப்பட்டமையாலேயே இது இயன்றது. ஒரு துண்டு ஒருவர் பேழையிலும் மறுதுண்டு மற்றொருவர் பேழையிலும் முடங்கியிருப்பின் அவை என்றும் கூடியிரா.

ஏழாம் நூற்றாண்டில் வென்றவர்கள் வாள்களின் அணிகளைப் பெயர்த்து அவற்றின் பெயரைப் பறித்தனர். கண்டெடுத்த பொருளை மறைத்து விற்பவரும் இன்று அதையே செய்கின்றனர். பொருளை அதன் இடத்திலிருந்தும் உடன்கிடந்தவற்றிலிருந்தும் பிரித்து வாயடைக்கின்றனர். ஹாமர்விச் வயலில் கண்டெடுத்தவர் உரியவரிடம் சென்று சொன்ன ஒரு சொல்லே, பெயரிழந்த நூறு வாள்களுக்கு வரலாற்றில் மீண்டும் இடம் பெற்றுத் தந்தது.